கூறியது கூறல் குற்றமா? மேடைப் பேச்சில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது எதற்காக

தேர்தல் காலத்தில் நாகர்கோவில் நாகராஜா கோயில் திடலில் பொதுக்கூட்டம் முடிந்து ஜனங்கள் கலையும்போது, பக்கத்து டீக்கடைகளில் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "ஒண்ணும் சொல்லல்ல. ஒரே வார்த்தைய திருப்பித் திருப்பி அடுக்குமொழியில அடிச்சு விட்டுட்டுப் போறாரு" என்பது ஒன்று. "அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே ஜனங்கள மூளைச்சலவை செய்யுதானுவ" என்பது இன்னொன்று. முதலாமவருக்குத் திரும்பச் சொல்வது வெறும் சத்தம். இரண்டாமவருக்கு அது மந்திரம். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று இருவருமே பார்ப்பதில்லை.

பள்ளிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்யும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். அவர்களும் இதே குழப்பத்தோடுதான் வருகிறார்கள். "கட்டுரையில ஒரே வார்த்தைய ரெண்டு தடவ எழுதினா டீச்சர் சிவப்பு மையில சுழிச்சிருவாங்க. மேடையில மட்டும் எதுக்கு சாரே பத்து தடவ சொல்லணும்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு அன்று அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

## வடசேரி பேருந்து நிலையமும் குளச்சல் ஏலமும்

வடசேரி பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். "மார்த்தாண்டம் மார்த்தாண்டம் மார்த்தாண்டம்" என்று நடத்துநர் கூவுகிறார். ஒருமுறை சொன்னதுமே தகவல் முடிந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் இன்னொரு வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒரு பாட்டி கட்டைப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறார். முதல் "மார்த்தாண்டம்" பாட்டியின் காதைத் திருப்புகிறது. இரண்டாவதில் ஊர்ப் பெயர் பிடிபடுகிறது. மூன்றாவதில் பிடிபட்டது சரிதான் என்று உறுதியாகிறது. சொல் ஒன்றுதான், அது பார்த்த வேலை மூன்று.

குளச்சல் பக்கம் மீன் ஏலத்துக்குப் போனால் வேறொன்று தெரியும். "எண்ணூறு எண்ணூறு எண்ணூறு" என்று ஏலம் விடுபவர் இழுக்கிறார். எல்லாருக்கும் கேட்டுவிட்ட தொகைதான் அது. ஆனாலும் விடாமல் சொல்வது, அடுத்தவர் யோசித்து முடிக்கும் வரை அந்தத் தொகையைக் கீழே விழாமல் பிடித்து வைத்திருப்பதற்காக. யாரோ விரலை அசைத்ததும் "எண்ணூத்தம்பது எண்ணூத்தம்பது" என்று குரல் தாவுகிறது. முடிவில் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." இதில் "தரம்" அசையாமல் நிற்கிறது, எண் மட்டும் நகர்கிறது. மூன்றாவதற்குப் பிறகு ஏலம் முடிந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கு நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் அது தெரிந்துவிடுகிறது.

மேடைப் பேச்சில் வரும் திரும்பல்கள் எல்லாம் இந்த இரண்டு இடத்திலேயே விதையாக இருக்கின்றன. காதைத் திருப்புவது, பிடித்து வைப்பது, பலரை ஒரே நொடியில் ஒன்று சேர்ப்பது. அத்துடன், ஒன்று நிற்க இன்னொன்று நகர்வது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரை போய்ச் சேரும் இடம் அதுதான்.

## ஏட்டில் குற்றம், காதில் தேவை

சிவப்பு மையால் சுழித்த ஆசிரியர் மேல் தப்பில்லை. ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களை நன்னூல் பட்டியலிடுகிறது. அதில் "கூறியது கூறல்" ஒன்று. தொல்காப்பியத்தின் மரபியலும் இதைக் குற்றமாகவே சொல்கிறது. ஆனால் அது நூலுக்குச் சொன்ன விதி. படிப்பவர் கையில் ஏடு இருக்கிறது. புரியவில்லை என்றால் மேலே போய் மறுபடி பார்த்துக்கொள்வார். அவருக்காக நாம் திரும்பச் சொன்னால் அவர் நேரம்தான் வீணாகும்.

கேட்பவர் கையில் எதுவும் இல்லை. பேச்சு ஆற்றுநீர் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. குழந்தை அழுதது, பின்னால் பட்டாசு வெடித்தது, ஒலிபெருக்கி இரைந்தது என்றால் ஒரு வாக்கியம் போனது போனதுதான். பேச்சாளர்தான் அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரே சொல் மறுபடி வருவது, படிப்பவர் ஏட்டைப் புரட்டி மேலே போவதற்குச் சமமானது. கேட்பவருக்காகப் பேசுபவரே புரட்டிக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

பேச்சுக்கு என்று வரும்போது நம் இலக்கணமே விதியை மாற்றிக்கொள்கிறது. ஒரு சொல்லை அடுக்கிச் சொல்வதை அடுக்கு என்கிறது தொல்காப்பியம். "இசைநிறை அசைநிலை பொருளொடு புணர்தல் என்று அவை மூன்று என்ப ஒருசொல் அடுக்கே" என்பது சொல்லதிகாரத்தின் எச்சவியலில் வருவது. ஓசையை நிரப்ப அடுக்கலாம், தனிப் பொருள் தராத அசையாகவும் அடுக்கலாம், பொருளுக்காகவும் அடுக்கலாம். எத்தனை முறை என்பதற்கும் அங்கே எல்லை உண்டு. "விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும்" என்றால், அவசரத்தில் கத்தும் சொல் மூன்று தடவைக்கு மேல் போகாது. "பாம்பு! பாம்பு! பாம்பு!" என்று சொல்லும்போதே கம்பைத் தேடத் தொடங்கிவிடுவோம், நான்காவதற்கு நேரமில்லை. இசைக்காக அடுக்குவதற்கு நான்கு வரை இடம் கொடுக்கிறார் தொல்காப்பியர். ஏலக்காரரின் மூன்றாம் தரமும் நடத்துநரின் மூன்று மார்த்தாண்டமும் அந்த வரம்புக்குள்ளேயே நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு.

இந்த மாவட்டத்துக்காரன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. தொல்காப்பியத்தை அதங்கோட்டாசான் கேட்டுச் சரிபார்த்ததாகப் பாயிரம் சொல்கிறது. அவர் விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டுக்காரர் என்பது எங்கள் ஊரில் தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை. எழுதிய நூலை ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்டுத் திருத்தினார் என்ற அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. அடுக்குக்கு எல்லை வகுத்த நூலே காதால் சோதிக்கப்பட்டிருக்கிறது.

சுருக்கமாக: படிக்கும் எழுத்தில் திரும்பச் சொல்வது சுமை. கேட்கும் பேச்சில் அது கைப்பிடி. டீக்கடையில் "ஒண்ணும் சொல்லல்ல" என்றவர் எழுத்துக்கான அளவுகோலைக் கொண்டு பேச்சை அளக்கிறார்.

## எல்லாமே அடுக்குமொழி இல்லை

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். காதுக்கு இனிமையாக எது வந்தாலும் "அடுக்குமொழி" என்று சொல்லிவிடுகிறோம். அண்ணா தந்த "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு" என்ற முழக்கத்தை எடுங்கள். அதில் ஒரு சொல்கூடத் திரும்ப வரவில்லை. முதல் எழுத்துதான் ஒத்து வருகிறது. அது மோனை. "சலசல" என்பதும் திரும்பல் இல்லை. பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவி அது, "சல" என்று தனியாக யாரும் சொல்வதில்லை. "வா வா" அடுக்குத்தொடர். பிரித்தாலும் "வா" என்பதற்குப் பொருள் உண்டு.

இந்தக் கட்டுரையில் திரும்பல் என்று நான் சொல்வது, பொருளுள்ள ஒரு சொல்லோ தொடரோ வாக்கியத்துக்கு வாக்கியம் அதே வடிவில் மறுபடி வருவதை மட்டும்தான்.

## எந்த இடத்தில் திரும்புகிறது?

ஒரு சொல் வாக்கியத்தின் தலையில் திரும்பலாம், வாலில் திரும்பலாம். ஒரு வாக்கியத்தின் வாலே அடுத்ததன் தலையாக வரலாம். பாட்டின் பல்லவி போல முழு வரியும் இடைவெளி விட்டு வரலாம். தலையில் வருவதற்கு மேலை நாட்டுப் பேச்சுக்கலையில் அனஃபோரா என்று பெயர், வாலில் வருவதற்கு எபிஸ்ட்ரோஃபி. வாலும் தலையும் இணைவதற்கு நம்மிடம் அந்தாதி என்ற பெயர் எப்போதோ உண்டு.

தலையில் திரும்புவதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, 1940 ஜூன் 4 அன்று பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியது. டன்கிர்க்கிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கப்பலில் மீட்டு வந்த நேரம். ஜெர்மனி அடுத்துத் தங்கள் கரையில் இறங்குமோ என்று நாடே அஞ்சிக்கொண்டிருந்தது. "நாம் போரிடுவோம்" என்ற தொடக்கம் அப்படியே நிற்க, இடம் மட்டும் மாறுகிறது: கடற்கரைகளில், படை இறங்கும் தளங்களில், வயல்களிலும் தெருக்களிலும், குன்றுகளில். கடைசியில் "ஒருபோதும் சரணடைய மாட்டோம்."

அந்த இடங்களின் வரிசையைக் கவனியுங்கள். நம் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். குளச்சல் கடற்கரை, நாஞ்சில் நாட்டு வயல், நாகர்கோவில் தெரு, அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை. எதிரி கரையில் இறங்கி உள்ளே வர வர, நாம் பின்வாங்கிப் பின்வாங்கி மலை வரை போகும் பாதை அது. தோல்வி எப்படியெல்லாம் வரலாம் என்பதை அவர் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் அசையாமல் ஒரு "போரிடுவோம்" நின்றதால், பின்வாங்குவது கேட்பவர் காதில் உறுதியாக ஒலித்தது. திரும்பி வந்த சொல் மன உறுதியைத் தாங்கியது, மாறி வந்த சொல் ஆபத்தைத் தாங்கியது.

வாலில் திரும்புவதற்கு 1956 திருச்சி மாநாட்டில் நெடுஞ்செழியனை அண்ணா அழைத்த அழைப்பு போதும்: "தம்பி வா, தலைமை ஏற்க வா." முதல் "வா" வீட்டுக்குள் அண்ணன் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. இரண்டாவது அதே "வா"தான், ஆனால் அதற்கு முன்னால் வந்த இரண்டு சொற்களால் அது ஒரு கட்சியையே கையில் கொடுக்கும் அழைப்பாகிவிட்டது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால் வாலில் திரும்புவது நமக்கு மிக இயல்பு. முயற்சி செய்யாமலே "செய்வோம்", "வெல்வோம்", "வாருங்கள்" என்று வரிகள் ஒரே இடத்தில் போய் முடியும்.

லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் பேசிய இரண்டு நிமிடப் பேச்சின் முடிவைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். "மக்களால், மக்களுக்காக, மக்களுடைய" என்கிறோம். நம் மொழியில் "மக்கள்" தலையில் நின்று, வேற்றுமை உருபு வாலில் மாறுகிறது. ஆங்கிலத்தில் அப்படியே தலைகீழ். மாறும் சின்னச் சொல் முன்னால் வர, மக்கள் என்ற சொல் கடைசியில் விழும். கருத்து ஒன்றாக இருந்தாலும் அழுத்தம் விழும் இடம் மொழிக்கு மொழி மாறும். ஆங்கிலப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து மேடையில் பேசினால் சப்பென்று இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி, நானே விளக்கத்துக்காக எழுதிய ஒரு வரி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன. அதற்கு முந்தைய ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசுவதாக வைத்துக்கொள்வோம். "நான்கு வட்டங்களும் தமிழ் பேசுகின்றன" என்று அவர் சொல்லலாம். தகவல் முழுமை. அல்லது இப்படிச் சொல்லலாம்: "தோவாளை தமிழ் பேசுகிறது. அகஸ்தீஸ்வரம் தமிழ் பேசுகிறது. கல்குளம் தமிழ் பேசுகிறது. விளவங்கோடு தமிழ் பேசுகிறது." தகவல் அதேதான். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தோவாளைப் பூக்காரர் தன் ஊர்ப் பெயர் வந்ததும் நிமிர்கிறார். அடுத்த வரியில் வேறொரு மூலையில் நாலு பேர் நிமிர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முறை வருகிறது, எல்லாரும் போய் முடிகிற இடம் ஒன்றாக இருக்கிறது. "நாமெல்லாம் ஒன்று" என்று வாயால் சொல்லாமலே வாக்கியத்தின் அமைப்பு அதைச் சொல்லிவிடுகிறது.

பல்லவி போல முழு வரி திரும்புவதற்கு வில்லுப்பாட்டை விட நல்ல விளக்கம் நம்மிடம் இல்லை. முன்னால் பாடுபவர் கதையை ஓர் அடி நகர்த்துகிறார். பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள், "ஆமா" போடுகிறார்கள். அந்த இடைவெளியில் முன்பாட்டுக்காரருக்கு மூச்சு வாங்கவும் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவரவும் நேரம் கிடைக்கிறது. கேட்பவருக்கும் அதே நேரம் கிடைக்கிறது. மேடைப் பேச்சாளர் இந்த இரண்டு வேலையையும் தனியாகவே செய்கிறார். அவரே முன்பாட்டு, அவரே பின்பாட்டு.

## கை ஏன் மூன்றாவதில் தட்டுகிறது?

கூட்டத்தில் கைதட்டுவது லேசான காரியம் இல்லை. தனியாகத் தட்டிவிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தட்டாமல் இருந்துவிட்டால் தலைவர் முகம் சுருங்கும். ஆகவே ஒவ்வொருவரும் "இப்போது எல்லாரும் தட்டுவார்களா?" என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறார்கள். எப்போது முடியப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆயிரம் பேர் ஒன்றாகத் தட்ட முடியும்.

மேக்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அரசியல் கூட்டப் பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, கைதட்டல் எங்கே விழுகிறது என்று ஆராய்ந்து 1984இல் எழுதினார். மூன்று உறுப்புள்ள வரிசை முடியும் இடத்தில் கைதட்டல் அடிக்கடி விழுவதை அவர் காட்டினார். ஒன்று சொன்னால் அது செய்தி. இரண்டாவது அதே வடிவில் வந்தால் ஓர் அச்சு தெரிகிறது. மூன்றாவது வரும்போதே கூட்டத்துக்கு முடியும் இடம் தெரிந்துவிடுகிறது, சில சமயம் பேச்சாளர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கை எழும்பிவிடும். கைதட்டல் பெரும்பாலும் எட்டு நொடி அளவுக்கு நீடிப்பதையும் அவர் குறித்திருக்கிறார். குளச்சல் கடற்கரையில் "மூணு தரம்" என்றதும் எல்லாரும் ஒன்றாகக் கலைவது இதே கணக்கு.

கேள்வியைத் திரும்பக் கேட்பது இதிலேயே இன்னொரு வகை. ஜெயலலிதா தேர்தல் கூட்டங்களில் "செய்வீர்களா?" என்று கேட்டு நிறுத்தியதைக் கேட்டவர்களுக்கு அந்த இடைவெளி நினைவிருக்கும். பதில் வந்தே தீர வேண்டிய இடைவெளி அது. பதில் சொல்லிவிட்டவர் அதற்குப் பிறகு வெறும் பார்வையாளர் இல்லை.

கேட்பவர் பின்பாட்டுக்காரராகவே மாறிவிடுவதும் உண்டு. மாசி 20ஆம் நாள் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்குப் போகும் அய்யாவழி ஊர்வலத்தில் "அய்யா சிவசிவ அரகரா அரகரா" என்ற குரல் முன்னால் எழுந்து பின்னால் வரை உருண்டு போவதைக் கேட்டிருக்கிறீர்களா? கோட்டாறு சவேரியார் கோயிலில் மன்றாட்டு சொல்லும்போது ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கூட்டம் பதில் சொல்வதை? அங்கே திரும்பி வரும் வரி கூட்டத்துக்குச் சொந்தமானது.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் முன்னால் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது நடந்ததும் இதுதான். "எனக்கொரு கனவு உண்டு" என்ற பகுதி அன்று அவர் எழுதி வைத்திருந்த தாளில் இல்லை. முந்தைய ஜூனில் டெட்ராய்ட்டில் அதைப் பேசியிருந்தார். பின்னால் நின்ற பாடகி மஹாலியா ஜாக்சன் "அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்தார். எட்டு முறை வந்தது அது. முதல் நான்கு முறையில் கனவு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்தது: முதலில் நாடு, பிறகு ஜார்ஜியா, மிசிசிப்பி என்று மாநிலங்கள், பிறகு தன் நான்கு பிள்ளைகள். நிற்கும் வரி ஒன்று, நகரும் காட்சிகள் பல. கருப்பின மக்களின் தேவாலயங்களில் போதகர் ஒரு வரி சொல்ல, சபை பதில் குரல் கொடுப்பது வழக்கம். அந்த மரபில் வளர்ந்த இருவர் அன்று ஒரே மேடையில் நின்றிருந்தார்கள். நம் ஊர் வில்லுப்பாட்டுக் கலைஞருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு சின்னச் செய்தியையும் சேர்க்கிறேன். டயானா டாய்ச் என்ற உளவியலாளர் 1995இல் தன் பேச்சுப் பதிவைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தொடர் விடாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அது பேச்சாக இல்லாமல் பாட்டாகக் கேட்கத் தொடங்கியது. பதிவில் எந்த மாற்றமும் இல்லை, கேட்ட காதுதான் மாறியிருந்தது. தலைவரின் ஒரு தொடரைக் குழந்தைகள் தெருவில் ராகத்தோடு சொல்லித் திரிவதற்கு இதில் பாதி விளக்கம் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: திரும்பல் நினைவுக்குக் கைப்பிடி தருகிறது, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வைக்கிறது, ஊகித்தவர்களை ஒரே நொடியில் ஒன்று சேர்க்கிறது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஆபத்து உண்டு.

## கேட்டுப் பழகியதும் உண்மையானதும்

ஒரு கூற்றைப் பலமுறை கேட்டால் அது உண்மையாக இருக்கும் என்று தோன்றத் தொடங்குகிறது. இதைப் பழகிய உண்மை மயக்கம் என்று சொல்லலாம். 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோ என்ற மூவர், இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மாணவர்களைக் கூப்பிட்டுப் பல கூற்றுகளைக் கேட்கவைத்து, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். புதிதாக வந்த கூற்றுகளை விட, திரும்பத் திரும்ப வந்தவற்றின் மேல் நம்பிக்கை ஏறியது. அவை உண்மையா பொய்யா என்பது இதில் பொருட்டாக இல்லை.

"விஷயம் தெரிஞ்சவன ஏமாத்த முடியாதே" என்று நினைக்கத் தோன்றும். 2015இல் லிசா ஃபேசியோ குழுவினர் அதையும் சோதித்தார்கள். அவர்கள் காட்டிய பொய்க் கூற்றுகளில் ஒன்று நமக்குச் சிரிப்பு மூட்டும்: ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் குட்டையான மடிப்புப் பாவாடைக்குச் சேலை என்று பெயர். அது கில்ட் என்று தெரிந்தவர்களிடமும், முன்பே ஒருமுறை பார்த்த பொய்க் கூற்றை உண்மை என்று கருதும் சாய்வு சற்றுக் கூடியிருந்தது. காரணம் எளிது. முன்பே கேட்ட ஒன்றை மூளை சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுலபத்தை உண்மையின் அடையாளம் என்று நாம் தவறாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆயிரம் முறை சொன்னால் பொய்யும் மெய்யாகும் என்று கோயபல்ஸ் சொன்னதாக எல்லா மேடையிலும் கேட்கிறோம். அவர் அப்படிச் சொன்னதற்கு உறுதியான சான்று எதுவும் காட்டப்பட்டதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த மயக்கத்துக்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

ஆனாலும் மூளைச்சலவை என்ற சொல் இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. இந்த மயக்கம் நம்பிக்கையைச் சற்றுச் சாய்க்கிறது, மனிதரைப் பொம்மையாக்குவதில்லை. திகட்டலும் உண்டு. ஒரு சொல்லை ஒரு நிமிடம் விடாமல் சொல்லிப் பாருங்கள், பொருள் கழன்று வெறும் ஓசையாகிவிடும். தேர்தல் ஜீப்பில் காலை முதல் ஓடும் பதிவு மாலையில் யார் காதிலும் ஏறாமல் போவது அதனால்தான்.

இங்கே பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு உண்டு. ஒரே கூட்டத்தில், ஒரே பேச்சுக்குள் ஒரு தொடர் திரும்புவது பேச்சுக்கலை. பல வாரம், பல ஊடகங்களில் ஒரே கூற்று திரும்புவது பிரச்சாரம். உண்மை மயக்கத்துக்கு நாம் முக்கியமாக அஞ்ச வேண்டியது இரண்டாவதில்தான். டீக்கடையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

## பென்சிலால் அடித்துப் பாருங்கள்

ஒரு பேச்சு வெற்றுச் சத்தமா என்று கண்டுபிடிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றே ஒன்று. பேச்சை எழுதிக்கொள். திரும்பி வரும் சொற்களைப் பென்சிலால் அடி. மீதி இருப்பதைப் படி.

சர்ச்சிலின் வரிகளில் அடித்தால் கடற்கரையிலிருந்து மலை வரை ஒரு வரைபடம் மிஞ்சும். கிங்கின் வரிகளில் அந்தக் காட்சிகள் மிஞ்சும். "தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்" என்ற குறளில் "தீய" என்ற ஒலி மூன்று முறை தீமையாக வந்து, நான்காவதில் நெருப்பாகத் திரும்புகிறது, அந்தத் திருப்பம் மிஞ்சும். எதுவும் மிஞ்சாத பேச்சும் உண்டு. டீக்கடையில் சலித்துக்கொண்டவர் அதைத்தான் கேட்டிருந்தால் அவர் கோபம் நியாயம். மறுபக்கம், திரும்பலே இல்லாமலும் ஜனங்களிடம் போய்ச் சேரலாம். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று வென்ற காமராஜர் அலங்காரமே இல்லாமல் பேசியவர்.

சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி "நீர்நிலை காப்போம்" என்ற தலைப்பில் எழுதிக்கொண்டு வந்தாள். "நீர்நிலைகள் நம் உயிர்நாடி. எனவே நீர்நிலைகளைக் காப்போம். நீர்நிலைகள் நம் செல்வம். எனவே நீர்நிலைகளைக் காப்போம்." ஒரு பக்கத்தில் ஏழு "காப்போம்." பென்சிலைக் கொடுத்தேன். அவளே அடித்தாள். உயிர்நாடி, செல்வம், வரம் என்று மூன்று சொற்கள் தாளில் தனியாகக் கிடந்தன.

"சாரே, ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

"உங்க ஊர்ல குளம் உண்டா மக்களே?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிடவும் "மக்களே"தான். மேடையில் ஆயிரம் பேரைக் கூப்பிடும் அதே சொல்.

உண்டு என்றாள். அந்தக் குளத்தைப் பற்றி வீட்டில் எல்லாரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து நாலு வரி கொண்டு வந்தாள். போட்டியில் அப்படியே பேசினாள்:

"எங்க தாத்தா எருமையைக் குளிப்பாட்டிய குளம் அது. எங்க அம்மா நீச்சல் படித்த குளம் அது. மழை பெய்தால் மறுகால் பாயும் சத்தம் வீடு வரை கேட்ட குளம் அது. குப்பையைக் கொண்டு கொட்டிவிட்டு வா என்று தினமும் என்னை அனுப்பும் பள்ளம் அது."

மூன்றாவது வரியிலேயே முன்வரிசையில் சிலர் கையைத் தூக்கிவிட்டார்கள். நான்காவது வரியின் கடைசியில் குளம் வரவில்லை. தூக்கிய கைகள் அப்படியே நின்றன. அவளுடைய அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இறங்கி வந்ததும் என்னிடம் கேட்டாள், "சாரே, அந்த இடத்துல யாரும் கை தட்டல்லியே?"

"எல்லாரும் குளம்னு சொல்லத் தயாரா இருந்தாங்க மக்களே" என்றேன்.